புதிய துறைமுக முனையத்துக்கு மண் ஆய்வு: முதல்முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதன்முதலாக ஒரு துறைமுக முனையத்தின் மண் ஆய்வு என் பொறுப்பில் வந்தபோது, கட்டடங்களுக்கும் பாலங்களுக்கும் பார்த்த அதே வேலைதானே என்று நினைத்தேன். கரையில் போடும் துளையைக் கடலில் போடப்போகிறோம், நடுவில் கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான் என்று பட்டது. கடைசியில் 22 துளைகளில் 7 துளைகளை மறுபடி போட்டோம். பார்ஜ், அதாவது துளையிடும் கருவியைத் தாங்கி நிற்கும் தட்டையான படகு, இரண்டாம் முறை வந்தது. ஐந்து மாதம் கூடுதலாகப் போனது.

பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு தவறாக அலசிப் பார்த்தேன். கடலோ அலையோ எங்களைக் கெடுக்கவில்லை. பார்ஜ் வருவதற்கு முன்பே, நாங்கள் எழுதிய காகிதங்களிலும் எழுத மறந்த காகிதங்களிலும் அத்தனை தவறுகளும் இருந்தன. அதனால் துளையிடும் கலையைவிட ஆவணம், செலவு, காலம் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன். திட்ட உரிமையாளர் தரப்பில் நின்று ஆய்வை நடத்தப்போகும் இளம் பொறியாளரை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

1. துளைகளைக் குறிக்கும் முன் கேள்விகளை எழுதுங்கள்

வரைபடத்தை விரித்து சம இடைவெளியில் புள்ளி வைப்பதுதான் வழக்கம். அப்படித் தொடங்காதீர்கள். முனையம் என்பது பல கட்டுமானங்களின் தொகுப்பு. ஒவ்வொன்றும் மண்ணிடம் வேறு கேள்வி கேட்கும்.

பெர்த்துக்கு (கப்பல் வந்து நிற்கும் மேடை): பைல், அதாவது மண்ணுக்குள் இறக்கும் தூண், எந்த ஆழத்தில் நிற்கும்? ஷீட் பைல் (ஒன்றோடொன்று கோத்து இறக்கும் தகடுகள்) சுவர் என்றால் பின்னாலிருக்கும் மண் எவ்வளவு தள்ளும், முன்னாலிருக்கும் மண் எவ்வளவு தாங்கும்? கால்வாய்க்கும் கப்பல் திரும்பும் இடத்துக்கும்: அடியில் பாறை இருக்கிறதா, இருந்தால் கட்டர் வைத்த தூர்வாரும் கப்பல் அதை வெட்டுமா, வெடி வைக்க வேண்டுமா? மண் நிரப்பி உண்டாக்கும் யார்டுக்கு (சரக்கு அடுக்கும் திடல்): கீழே உள்ள களிமண் எவ்வளவு அமுங்கும், அமுங்கி முடிய எத்தனை மாதம் ஆகும்? பெரிய கன்டெய்னர் கிரேன்களின் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே பெரும்பாலும் 30 மீட்டர் இருக்கும். முன் தண்டவாளம் பைல் மேலும் பின் தண்டவாளம் நிரப்பிய மண் மேலும் உட்கார்ந்தால், இரண்டும் ஒரே அளவு இறங்காது. இதைக் கட்டிய பிறகு கண்டுபிடிப்பது கொடுமை.

நிலநடுக்கம் வரக்கூடிய இடமென்றால், நீரில் ஊறிய தளர்ந்த மணல் குலுக்கலில் கூழாகிவிடுமா என்ற கேள்வியும் சேரும். 1995 நிலநடுக்கத்தில் ஜப்பானின் கோபே துறைமுகத்தின் கேய்சன் சுவர்கள் (பெரிய கான்கிரீட் பெட்டிகளை வரிசையாக வைத்துக் கட்டியவை) கடல் பக்கம் பல மீட்டர் நகர்ந்தன. அவற்றுக்குக் கீழே களிமண்ணை எடுத்துவிட்டு நிரப்பிய மணல் வலுவிழந்தது அதற்கு முக்கியக் காரணம்.

ஒரு தாளில் இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் அதற்குப் பதில் தரும் சோதனை என்று எழுதுங்கள். எந்தக் கேள்விக்கும் பதில் தராத துளையை அடித்துவிடலாம். துளையே இல்லாத கேள்விகளும் இந்தத் தாளில்தான் கண்ணில் படும்.

2. பழைய தகவல்களைத் திரட்டுங்கள்

கடல்வழி வரைபடங்கள், பழைய தூர்வாரும் பதிவுகள், பக்கத்தில் கட்டியவற்றின் துளைப் பதிவுகள், நிலவியல் வரைபடம், கடலடிக் கேபிள், குழாய், மூழ்கிய கப்பல் பற்றிய பதிவுகள். போர் நடந்த கடலென்றால் வெடிக்காத குண்டுகள் பற்றிய மதிப்பீடும் வேண்டும். இது இல்லாமல் துளையிடும் நிறுவனம் காப்பீடு எடுக்க முடியாமல் போகலாம். இதற்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். மொத்தச் செலவில் மிக மலிவான படி இது.

3. டேட்டம்: ஒரு பக்கத் தாளில் எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள்

இந்தப் படியைத் தாண்டி ஓடிவிடாதீர்கள். எங்கள் ஏழு துளைகளில் நான்கைக் கெடுத்தது இதுதான்.

மட்டங்களை எங்கிருந்து அளக்கிறோமோ அந்தப் பூஜ்ய மட்டம்தான் டேட்டம். நிலத்தில் மட்டங்களைச் சராசரி கடல்மட்டத்திலிருந்து அளப்பார்கள். கடல்வழி வரைபடத்தில் சார்ட் டேட்டத்திலிருந்து அளப்பார்கள். ஏறக்குறைய மிகத் தாழ்ந்த ஓதம் (கடல்நீரின் அன்றாட ஏற்ற இறக்கம்) தொடும் மட்டம் அது. ஓத ஏற்ற இறக்கம் அதிகமான இடங்களில் இரண்டுக்கும் 2 மீட்டருக்கு மேல்கூட வித்தியாசம் வரும். எங்கள் வடிவமைப்புக் குழு தூர்வாரும் மட்டத்தைச் சார்ட் டேட்டத்தில் கொடுத்தது. துளையிட்டவர்கள் கரையிலிருந்த நிலமட்டக் கல்லை வைத்து அளந்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பாறை தொடங்கும் மட்டம் 2 மீட்டருக்கு மேல் தவறாகப் பதிவானது. எது எந்த டேட்டத்தில் உள்ளது என்று பிரித்துச் சொல்ல முடியாத துளைகளை மறுபடி போட வேண்டியதாயிற்று.

தாளில் இவை இருக்கட்டும்: எந்த டேட்டம், அதற்கும் நிலமட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் எத்தனை மீட்டர், அந்த எண் எங்கிருந்து வந்தது, எந்த நிலமட்டக் கல், கிடைமட்ட ஆயத்தொலைவுகள் எந்த முறையில் (ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ். 84-ஆ, உள்ளூர் முறையா, எந்த மண்டலம்), ஓதமானி எங்கே நிற்கிறது, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பதிவாகிறது. வடிவமைப்பாளர், அளவையாளர், துளையிடுபவர், நீங்கள் என நான்கு கையெழுத்து. ஒவ்வொரு துளைப் பதிவின் தலைப்பிலும் டேட்டத்தின் பெயர் அச்சாக வேண்டும். வெறும் “மைனஸ் 14.2” என்று வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

4. அனுமதிகளை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள்

துறைமுக நிர்வாகத்தின் அனுமதி, துறைமுகக் கேப்டனின் ஒப்புதல், மாலுமிகளுக்கான அறிவிப்பு, சுற்றுச்சூழல் அனுமதி, அந்தக் கடலில் மீன்பிடிப்பவர்களுடன் பேச்சு. இடத்துக்கு இடம் பெயர் மாறும், பட்டியல் பெரிதாக மாறாது. பார்ஜ் தரப்பிலிருந்து வகைப்பாட்டுச் சான்றிதழ், காப்பீடு, ஊழியர்களின் கடல் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, இழுவைப் படகின் ஆவணங்கள் வர வேண்டும்.

மூன்று மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொறி இதுதான்: அனுமதியில் துளைகளின் ஆயத்தொலைவுகளைப் புள்ளியாகக் கொடுத்துவிட்டால், பிறகு ஒரு துளையை 30 மீட்டர் நகர்த்தக்கூட மறுபடி விண்ணப்பிக்கச் சொல்வார்கள். புள்ளிகளைச் சுற்றி ஒரு பரப்பாகவே அனுமதி கேளுங்கள். கூடுதல் துளைகளின் எண்ணிக்கையையும் சேர்த்தே எழுதுங்கள்.

5. துளைக்கு முன் படுகையை வருடிப் பாருங்கள்

மல்டிபீம் சோனாரில் ஆழம், சைடு ஸ்கேன் சோனாரில் படுகையின் மேல் கிடப்பவை, மேக்னெட்டோமீட்டரில் இரும்பு, சப்-பாட்டம் புரொஃபைலரில் படுகைக்குக் கீழுள்ள அடுக்குகள், நில அதிர்வு அலைவிலகல் முறையில் பாறையின் மேற்பரப்பு. கடலில் சில நாள் வேலை, தரவைச் சீர்செய்ய சில வாரம். பட்ஜெட்டைப் பார்த்து இதைத்தான் முதலில் வெட்டச் சொல்வார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். இரண்டு துளைகளுக்கு நடுவே பழைய ஆற்றுப் பள்ளம் ஒன்று களிமண் நிரம்பிக் கிடந்தால், அதைக் காட்டுவது இந்தப் படங்கள்தான்.

இவற்றுக்கும் எல்லை உண்டு. படுகை வண்டலில் வாயு இருந்தால் ஒலியலை அதற்குக் கீழே போகாது. படத்தில் வெறும் கறையாகத் தெரியும். கெட்டியான அடுக்குக்குக் கீழே மென்மையான அடுக்கு இருந்தால் அலைவிலகல் முறை அதைத் தவறவிடும்.

6. எங்கே, எவ்வளவு ஆழம்

மண் பொறியியலுக்கான ஐரோப்பிய விதித்தொகுப்பான யூரோகோடு 7-இன் இரண்டாம் பகுதி (2007 பதிப்பு), பெரும்பரப்புக் கட்டுமானங்களுக்குத் துளை இடைவெளி 60 மீட்டரைத் தாண்ட வேண்டாம் என்கிறது. நீளவாக்கில் போகும் கட்டுமானங்களுக்கு 20 முதல் 200 மீட்டர் வரை சொல்கிறது. துறைமுக வேலைகளுக்கென்றே பி.எஸ். 6349 என்ற பிரிட்டிஷ் தரநிலை இருக்கிறது. உங்கள் நாட்டு விதி எதுவோ அதை முதலில் பாருங்கள். எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட, பெர்த் கோட்டில் ஒரு வரிசை, அதற்குப் பின்னால் நங்கூரச் சுவரோ பின் தண்டவாளமோ வரும் கோட்டில் இன்னொரு வரிசை என்று குறுக்குவெட்டு கிடைக்கும்படி வையுங்கள். ஒரே வரிசை போட்டால் அடுக்குகள் கரையிலிருந்து கடலுக்கு எப்படிச் சாய்கின்றன என்று தெரியாது.

ஆழத்தில் நாங்கள் செய்த தவறு புதிதாக வருபவர்கள் எல்லாரும் செய்யக்கூடியது. டெண்டரில் “படுகையிலிருந்து 30 மீட்டர்” என்று எழுதியிருந்தோம். படுகை அப்போது மைனஸ் 5-இல் இருந்தது. கப்பலுக்காக அதை மைனஸ் 16 வரை வெட்டப்போகிறோம். ஆக, துளையின் முதல் 11 மீட்டர் கட்டுமானம் வரும்போது இருக்கவே இருக்காது. துளை மைனஸ் 35-இல் நின்றது. பைல் முனை மைனஸ் 38-க்குப் போக வேண்டும் என்று பிறகு கணக்கு வந்தது. யூரோகோடு சொல்லும்படி முனைக்குக் கீழே குறைந்தது 5 மீட்டரோ, பைல் விட்டத்தில் 3 மடங்கோ, பைல் தொகுப்பின் அகலமோ, எது அதிகமோ அது வரை மண்ணைப் பார்த்திருக்க வேண்டும். அப்படியென்றால் மைனஸ் 43-க்குக் குறையக் கூடாது. மூன்று துளைகள் இதனால் வீண்.

அதனால் ஆழத்தைப் படுகையிலிருந்து எழுதாதீர்கள்; டேட்டத்தை வைத்து மட்டமாக எழுதுங்கள். கூடவே ஒரு நிறுத்த விதியும் வேண்டும்: இந்த மட்டம் வரை போ, அதற்கு முன் பாறை வந்தால் நல்ல பாறையில் இத்தனை மீட்டர் கோர் (உருளையாக வெட்டியெடுக்கும் மாதிரி) எடுத்துவிட்டு நிறுத்து. “பாறை வந்தால் நிறுத்து” என்று மட்டும் எழுதினால் ஒரு பெரிய உருண்டைக் கல்லில் போய் நிறுத்திவிடுவார்கள். கால்வாய்த் துளைகள் வெட்டும் மட்டத்துக்குக் கீழே சில மீட்டர் போனால் போதும்.

7. பார்ஜைத் தேர்ந்தெடுக்கும்போது

ஜாக்-அப் பார்ஜ் கால்களை ஊன்றி நீருக்கு மேலே எழும்பி நிற்கும். தளம் அசையாது, எஸ்.பி.டி.யும் (குழாயைச் சுத்தியலால் மண்ணுக்குள் அடித்து, அடிகளை எண்ணும் சோதனை) மாதிரி எடுப்பதும் கரையில் செய்வதுபோல நடக்கும். மிதக்கும் பார்ஜ் மலிவு, நங்கூரம் போட்டுச் சீக்கிரம் இடம் மாற்றலாம். ஆனால் தளம் ஓதத்தோடு ஏறி இறங்கும், சின்ன அலையிலேயே வேலையை நிறுத்த வேண்டும். ஒதுங்கிய, அமைதியான நீரில் மிதக்கும் பார்ஜ் போதும். திறந்த கடலில் பெர்த் துளைகளுக்கு நான் ஜாக்-அப்பைத்தான் கேட்பேன், விலை கூடினாலும்.

ஜாக்-அப்பிலும் பார்க்க வேண்டியது உண்டு. மென்மையான களிமண்ணில் கால் எவ்வளவு புதையும், மெல்லிய மணல் மேலோட்டைத் துளைத்துக்கொண்டு சட்டென்று இறங்குமா என்ற கணக்கைப் பார்ஜ்காரர் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஆய்வு செய்யவே வந்திருக்கிறோம், மண் தெரியாதே என்பார்கள். ஐந்தாம் படியின் படங்கள் அதற்கும்தான்.

8. டெண்டரும் செலவும்

கடல் ஆய்வில் மீட்டர் விலை பெரிய செலவு இல்லை. பார்ஜைக் கொண்டுவருவதும் திருப்பி அனுப்புவதும் ஒரு மொத்தத் தொகை. பிறகு பார்ஜ் நிற்கும் ஒவ்வொரு நாளும் ஒரு தொகை. இதைப் புரிந்துகொண்டால் மற்ற முடிவுகள் எளிது. பார்ஜ் துளையின் மேல் நிற்கும்போது இன்னும் 5 மீட்டர் போகச் சொல்வது கிட்டத்தட்ட இலவசம். அது போன பிறகு அந்த 5 மீட்டரைக் கேட்டால் முழு வரவழைப்புச் செலவும் உங்கள் தலையில்.

விலைப்பட்டியலில் இவற்றைத் தனித்தனி வரியாகக் கேளுங்கள்: வரவழைப்பு, துளைக்குத் துளை இடமாற்றம், மண்ணில் மீட்டர், பாறையில் மீட்டர், ஒவ்வொரு எஸ்.பி.டி., ஒவ்வொரு கலையாத மாதிரி, சி.பி.டி. (மண்ணுக்குள் கூம்பை அழுத்தி எதிர்ப்பை அளக்கும் சோதனை) மீட்டர், வானிலையால் காத்திருக்கும் நாள், உங்களால் காத்திருக்கும் நாள். கடைசி இரண்டையும் பிரிக்காவிட்டால் சண்டை நிச்சயம். எந்த அலை உயரத்துக்கு மேல் வானிலைக் காத்திருப்பு, அதை எந்தக் கருவியில் அளப்பது, யார் அன்றே கையெழுத்திடுவது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கூடுதல் துளைகளுக்காக மொத்தத்தில் 15 முதல் 20 சதவீதத்தை ஒதுக்கி வையுங்கள். முதல் துளைகளைப் பார்த்த பிறகு கூடுதல் துளை தேவைப்படாத திட்டத்தை நான் பார்த்ததில்லை.

விலையை மட்டும் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். முந்தைய கடல் வேலையின் துளைப் பதிவு இரண்டைக் கேட்டு வாங்கி ஒருமுறை படித்துப் பாருங்கள்.

9. பார்ஜ் மேல்

எஸ்.பி.டி. எல்லாருக்கும் தெரிந்தது: 63.5 கிலோ சுத்தியல், 76 செ.மீ. உயரம், 15 செ.மீ. வீதம் மூன்று முறை, கடைசி இரண்டின் அடிகளைக் கூட்டினால் N மதிப்பு. ஆனால் சுத்தியலின் ஆற்றலில் எத்தனை சதவீதம் கம்பிக்குள் போகிறது என்ற அளவீட்டுச் சான்றிதழைப் பார்ஜ் கிளம்பும் முன்பே வாங்குங்கள். 60 சதவீத ஆற்றலுக்குத் திருத்தாத N மதிப்பை வைத்து வடிவமைப்பாளர் ஒன்றும் செய்ய முடியாது.

மணலில் ஒரு பெரிய பொறி. கேசிங்குக்குள் (துளைச் சுவர் சரியாமல் இறக்கும் குழாய்) நீர்மட்டம் வெளியே உள்ள கடல்மட்டத்தைவிடத் தாழ்ந்தால், துளையின் அடியில் மணல் கொதித்து மேலே வரும். அந்தக் கலைந்த மணலில் அடித்துவிட்டு, இங்கே மணல் தளர்ச்சி என்று எழுதுவார்கள். ஓதம் ஏறும் நேரத்தில் இது எளிதாக நடக்கும். ஒவ்வொரு சோதனைக்கும் முன் உள்ளே வெளியே நீர்மட்டம், துளையின் அடி ஆழம் மூன்றையும் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

மென்மையான களிமண்ணில் எஸ்.பி.டி.யால் பயனில்லை, கம்பியின் எடையிலேயே இறங்கிவிடும். அங்கே வேன் ஷியரும் (மண்ணுக்குள் தகடுகளைத் திருகி வலிமையை அளக்கும் சோதனை) சி.பி.டி.யும் வேண்டும். சி.பி.டி. கூம்பு நொடிக்கு 2 செ.மீ. வீதம் இறங்கி, மெல்லிய மணல் இழைகளைக்கூடக் காட்டும். யார்டு களிமண் எவ்வளவு சீக்கிரம் நீரை வடிக்கும் என்பதற்கு அந்த இழைகள் முக்கியம். கூம்பின் பூஜ்ய அளவீட்டை இறக்கும் முன்னும் எடுத்த பின்னும் எழுத வேண்டும். துளைக்கு அருகே சி.பி.டி. செய்வதானால் துளை விட்டத்தில் குறைந்தது 20 மடங்கு தள்ளிச் செய்யுங்கள்.

பார்ஜில் உங்கள் ஆள் ஒருவர் இரவு பகல் இருக்க வேண்டும். துளை முடிந்ததும் சிமென்ட்-பென்டோனைட் கலவையால் அடைத்தார்களா என்று அவர்தான் பார்க்க வேண்டும்.

10. மாதிரிகள் யார் பொறுப்பு?

இதை நாங்கள் எழுதவே இல்லை. துளையிட்டவர் எடுத்துக் கொடுப்பதோடு தன் வேலை முடிந்தது என்றார். ஆய்வகம் வாசலில் வந்தால்தான் தன் பொறுப்பு என்றது. நடுவில் களிமண் குழாய்கள் ஒன்பது நாள் தளத்தின் மேல் வெயிலில் கிடந்தன. அவற்றைத் திறந்தபோது ஓரங்கள் காய்ந்து சுருங்கியிருந்தன. அவ்வளவு செலவழித்து எடுத்த மண் அப்படிக் கிடந்ததைப் பார்த்த வருத்தம் இன்னும் எனக்குப் போகவில்லை.

மெல்லிய சுவர்க் குழாயில் எடுத்த மாதிரியை உடனே இரு முனையிலும் மெழுகால் அடைக்க வேண்டும். மேல் பக்கம் எது என்று குறித்து, செங்குத்தாக, குலுங்காத பெட்டியில், நிழலில் வைக்க வேண்டும். பாறைக் கோர்களைப் பெட்டியில் அடுக்கி, ஈரம் காயும் முன் அளவுகோலுடன் படமெடுக்க வேண்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு பதிவேட்டு வரி: எடுத்த நேரம், கை மாறிய நேரம், கையெழுத்து. வாரம் இருமுறை கரைக்குப் படகு என்று ஒப்பந்தத்திலேயே போடுங்கள்.

11. ஆய்வகம்

இரண்டு மாதம் ஒதுக்குங்கள். களிமண் இறுகல் சோதனையில் ஒவ்வொரு சுமைக்கும் 24 மணி நேரம். ஒரு மாதிரிக்கே பத்து நாளுக்கு மேல் ஆகும். ஆய்வகத்தில் எத்தனை கருவி இருக்கிறது என்று கேட்டு, நீங்களே வகுத்துப் பாருங்கள். ஆய்வகத் திறனுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 அங்கீகாரம் எந்தெந்தச் சோதனைக்கு என்ற இணைப்புப் பக்கத்தையும் பாருங்கள்.

கடல் மண்ணுக்கென்று சில திருத்தங்கள் உண்டு. கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. அடுப்பில் உலர்த்தினால் உப்பு மண்ணோடு தங்கிவிடும், ஈரப்பதம் குறைவாக வரும். உப்புத் திருத்தம் செய்தார்களா என்று கேளுங்கள். குளோரைடு, சல்பேட், கார்பனேட் அளவுகளும் வேண்டும். தூர்வாரும் நிறுவனம் பாறையின் அமுக்க வலிமையோடு இழுவிசை வலிமை, தேய்க்கும் தன்மை, விரிசல் இடைவெளி மூன்றையும் கேட்கும். இல்லாவிட்டால் விலையில் பயத்தைச் சேர்த்துப் போடும். வெட்டிய மண்ணைக் கடலில் கொட்டுவதானால் கன உலோகங்கள், எண்ணெய் மாசுக்கான சோதனை வேண்டும். 1972 லண்டன் உடன்படிக்கையையும் அதன் 1996 நெறிமுறையையும் ஏற்ற நாடுகளில் அனுமதிக்கு இதைக் கேட்பார்கள். இந்த மாதிரிகளுக்குப் பாத்திரமும் குளிர்பதனமும் வேறு, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

12. அறிக்கையை இரண்டாகக் கேளுங்கள்

கண்டது ஒரு தொகுதி: துளைப் பதிவு, சோதனை முடிவு, படங்கள், ஓதப் பதிவு. அதிலிருந்து ஊகித்தது இன்னொரு தொகுதி: அடுக்குகள், வடிவமைப்பு எண்கள். இரண்டையும் கலந்துவிட்டால் பிறகு ஒப்பந்ததாரரிடம் எதைக் கொடுப்பது என்று தெரியாமல் திணறுவீர்கள். ஆலோசனைப் பொறியாளர்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிடிக்கின் சிவப்பு, மஞ்சள் புத்தக மாதிரி ஒப்பந்தங்களில் 4.12-ஆம் பிரிவு, முன்கூட்டி ஊகிக்க முடியாத தரைநிலை வந்தால் கூடுதல் காலமும் பணமும் கேட்க வழி தருகிறது. எதை ஊகித்திருக்க முடியும் என்ற வாதம் நீங்கள் கொடுத்த தரவை வைத்தே நடக்கும். அதனால் பிடிக்காத துளையையும் சேர்த்து எல்லாவற்றையும் கொடுங்கள்.

தரவு ஏ.ஜி.எஸ். கோப்பாகவும் (மண் ஆய்வுத் தரவைக் கணினிகளுக்கிடையே பரிமாறும் வடிவம்) வேண்டும் என்று எழுதுங்கள்; பி.டி.எஃப்.பிலிருந்து எண்களைத் தட்டச்சு செய்து ஒரு மாதத்தைத் தொலைக்க வேண்டாம். வரைவு அறிக்கை வந்ததும் மூன்று துளைகளை எடுத்து, பார்ஜின் அன்றாடப் பதிவேட்டோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். எங்களுக்கு முதல் துளையிலேயே ஒரு அடுக்கு விடுபட்டிருந்தது.

எங்கள் கணக்கில் அனுமதி தொடங்கி இறுதி அறிக்கை வரை, எல்லாம் சரியாக நடந்திருந்தால் ஒன்பது மாதம். அப்புறம் ஒன்று: கோர் பெட்டிகளைப் பைல் வேலை முடியும் வரை வைத்திருக்க இடமும் வாடகையும் யார் கணக்கில் என்று டெண்டரிலேயே எழுதிவிடுங்கள். அறிக்கை வந்த மூன்றாம் மாதம் கிடங்கிலிருந்து எங்களுக்கு அழைப்பு வந்தது, பெட்டிகளை எடுத்துக்கொள்கிறீர்களா, போட்டுவிடலாமா என்று.